பந்தல் வலி

பிப்ரவரி 9, ஞாயிறு

பூச்சிமருந்துக் கடைக்காரர் டைரி கொடுத்தனுப்பியிருக்கிறார். தை பிறந்தால் வருசா வருசம் வரும். மருந்தடிக்கிற ஆள் எதைச் சொல்கிறாரோ அதைத்தான் தோட்டக்காரர்கள் வாங்குவார்கள் என்பதால் அடிக்கிற ஆளுக்கும் ஒரு டைரி. அட்டையில் பன்னீர்த் திராட்சைக் குலை. முதல் பக்கத்தில் ‘திரு. மொக்கைச்சாமி அவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரர் போய் ஒரு மாசம் ஆகப்போகிறது. கடைக்காரருக்கு அது தெரியும், சாவுக்கு வந்து மாலை போட்டவர்தான். பேரை எடுக்க மறந்திருப்பார்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள் என் மகள் கௌமாரி. எதற்குக் கொடுக்க வேண்டும்? அந்த மருந்தை அவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே முதுகில் சுமந்தவர். நான் டிரம்மில் முழங்கை வரை விட்டுக் கலக்கியவள். இந்த டைரி என்னுடையதுதான். ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். வருகிற மாதிரி வரட்டும்.

முதலில் எழுத வேண்டியது இது. அவர் முதுகுவலியில் சாகவில்லை. ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். கம்பம் பக்கத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வேலை செய்கிற எல்லோருக்கும் முதுகு வலிக்கும். நாளெல்லாம் கையைத் தூக்கி, கழுத்தை மல்லாத்தி நின்றால் வலிக்காதா? அதற்குப் பந்தல் வலி என்றே பேர். யாராவது முதுகு வலிக்கிறது என்று சொன்னால், ‘பந்தல் வலிதானே’ என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விடுவோம். அவர் சொன்னபோது நானும் அப்படித்தான் போனேன். எல்லோரும் போனார்கள்.

அது எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடத்தில் வந்த புற்று. மைலோமா என்று மதுரை டாக்டரம்மா சொன்னதை எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

குலை கழிக்கிற வேலைக்குப் போனேன். கெட்ட காயை வெட்டி எடுக்கிற வேலை. கௌமாரி குழம்பில் உப்பில்லை என்றாள். மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவருடைய தம்பி வீரணன் காலையில் வந்தான். கையில் நல்லெண்ணெய்ப் புட்டி. இவனும் மருந்தடிக்கிறவன்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்தேதான் தோட்டங்களுக்குப் போவார்கள்.

“எங்கிட்டுப் போற, எண்ணெயோட?” என்றேன்.

“சுளுக்கெடுக்கத்தான் மதினி. நாலு நாளா இடுப்பத் திருப்ப முடியல. பந்தல் வலி.”

புட்டியைப் பிடுங்கி வாசல் கல்லில் போட்டு உடைத்தேன். தெருநாய் வந்து நக்கியது. கௌமாரி வெளியே ஓடி வந்தாள்.

நான் ஏன் உடைத்தேன் என்று அவனுக்குத் தெரியும். போன ஆடியில் இதே மாதிரி எண்ணெயோடு போனவர்தான் அவனுடைய அண்ணன். சுளுக்கெடுக்கிறவர் முழங்காலை முதுகில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். மொடக்கென்று சத்தம் கேட்டது. ‘சுளுக்கு விட்டுருச்சு’ என்று சுளுக்கெடுத்தவர் சிரித்தார். விட்டது சுளுக்கு இல்லை, விலா எலும்பு. உள்ளே அரித்துப்போய்க் கிடந்திருக்கிறது. அதற்கப்புறம் மதுரைக்குப் போனபோது கிட்னியும் சேர்ந்து போயிருந்தது. உப்பில்லாமல் சமைக்கச் சொன்னார்கள். தை மாசம் தாண்டவில்லை.

“அதுக்கு எண்ணெய் என்ன செஞ்சுச்சு? நூறு மில்லி மதினி,” என்றான்.

“அடுத்த புட்டியக் கொண்டு வா. அதையும் ஒடைக்கிறேன்.”

பிப்ரவரி 24, திங்கள்

எங்கள் ஊர் நர்ஸ் ஜெசிந்தா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறார்களாம். மதுரையிலிருந்து அந்த ரத்த டாக்டர்களே வருகிறார்கள். நாற்பது வயசுக்கு மேலே உள்ளவர்கள், மருந்தடிக்கிற வேலை செய்தவர்கள், வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தவர்கள் கட்டாயம் வரவேண்டும்.

“வந்தப்பெறகு பாத்தாத்தான் கஷ்டம் அக்கா. இது வர்றதுக்கு முன்னாடி ஒரு கட்டம் இருக்கு. வலி இருக்காது, ஒண்ணும் இருக்காது. ரத்தத்துல மட்டும் தெரியும். அப்பவே பிடிச்சுட்டா கண்ணு வச்சுக்கிட்டே இருக்கலாம்,” என்றது ஜெசிந்தா.

நேரே வீரணன் வீட்டுக்குப் போனேன்.

“ஏன் மதினி, ஒண்ணுமில்லாதவன எதுக்கு ஆஸ்பத்திரிக்காரன்கிட்ட புடிச்சுக் குடுக்கிறீக?” என்றான். இடுப்பு இப்போது சரியாகிவிட்டதாம். என் முன்னாலேயே குனிந்து நிமிர்ந்து காட்டினான், சர்க்கஸ்காரன் மாதிரி.

“உங்கண்ணனும் இப்படித்தான் குனிஞ்சு காட்டுனாரு.”

“நான் வரமாட்டேன். ஊசியக் கண்டாலே எனக்கு மயக்கம் வரும்.”

“கொடியில செவட்டை நோய்க்கு மருந்தடிக்கையில மூஞ்சியெல்லாம் மருந்து. அப்ப வராத மயக்கமா?”

அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து சிரித்தாள். அவன் அவளை முறைத்தான். வருவானா மாட்டானா தெரியவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

புருசனை இழந்தவள் வருசம் திரும்புகிற வரைக்கும் கூட்டத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களுடைய வழக்கம். வேலைக்குப் போகலாம், அதை யாரும் தடுக்க மாட்டார்கள். பொது இடத்தில் முன்னால் வரத்தான் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் போனபோது எல்லோரும் மதில் நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் ஆளாகப் போக யாருக்கும் மனசு வரவில்லை. வீரணன் வேப்பமரத்தடியில் இருந்தான். வந்தது பெரிசு. ஆனால் வாசல்படி ஏறவில்லை.

நான் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். பின்னால் ஒருத்தி, ‘இவ எதுக்கு மொதல்ல’ என்றாள். என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. அவனை வெட்கப்படுத்தி உட்காரவைக்கத்தான் எடுத்துக்கொண்டேன். ரத்தம் குழாயில் ஏறும்போது திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தேன். “தம்பி, ஒனக்கு மயக்கம் வந்தா மடியில போட்டுக்கிறேன், வா.”

மதில் நிழலில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் வராமல் இருக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தான். மயக்கம் வரவில்லை. அவனுக்குப் பின்னால் வரிசை கேட் வரைக்கும் நின்றது.

மார்ச் 5, புதன்

துவரம்பருப்பு ஊறப்போட்டேன். கௌமாரி உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். 

மார்ச் 14, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. வீரணனுக்கு ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருக்கிறதாம். அவன் சந்தோசத்தில் தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினான். “மதினி, எம்மேல பொய்க் கேசு போட்டீகளே!” அவன் பெண்டாட்டி பாயசம் கொடுத்தனுப்பினாள். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று நன்றி சொன்னேன். அவருடைய படத்துக்கு முன்னாலும் சொன்னேன்.

மறுபடியும் ரத்தம் பார்க்க மதுரைக்கு வரவேண்டியவர்கள் என்று மூன்று பேரைச் சொன்னது ஜெசிந்தா. அதில் ஒன்று என் பேர்.

அவருடைய பேரும் என் பேரும் ஆஸ்பத்திரிச் சீட்டில் அடுத்தடுத்து இருக்கும். அதில் குழம்பியிருப்பார்கள்.

மார்ச் 15, சனி

வேலைக்குப் போனேன். நல்ல வெயில்.

மார்ச் 20, வியாழன்

என் அண்ணன் ஒச்சப்பன் உத்தமபாளையத்திலிருந்து வந்தது. கௌமாரிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறது. சின்னமனூர்ப் பையன், பம்புசெட் மெக்கானிக். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர் திராட்சையும் இருக்கிறது. அப்பன் செத்தால் அந்த வருசத்துக்குள் பிள்ளைக்குக் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருசம் தள்ள வேண்டும். அதனால் ஆவணியில் முடித்துவிடலாம் என்றது. தாய்மாமன் அதுதான். அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கௌமாரி போட்டோவை இரண்டு தடவை பார்த்தாள். இரண்டாவது தடவை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பார்த்தாள்.

ஜெசிந்தா போன் செய்தது. பிறகு இன்னொரு தடவை செய்தது. கை ஈரமாக இருந்தது, எடுக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஜெசிந்தா தோட்டத்துக்கே வந்துவிட்டது. ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் நான் பந்தலுக்கு உள்ளே போனேன். அந்தப் பக்கம் களை அதிகமாக இருந்தது, அதைப் பார்க்கத்தான் போனேன். பந்தல்காலுக்குப் பின்னால் உட்கார்ந்து களை எடுத்தேன்.

“சுருளியக்கா எங்க?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“இங்கதான இருந்தாக. இப்ப ஒரு சேலை போச்சே,” என்றது வீரணன் குரல். முதுகில் மருந்து டாங்கியோடு அந்த வரிசையில்தான் நின்றிருக்கிறான்.

அது போனதற்கப்புறம் டாங்கியை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தான். நான் எடுத்துப்போட்ட களையைப் பார்த்தான். ஒரு கைப்பிடிகூட இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

வீரணன் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

“நர்ஸம்மாகிட்டக் கேட்டேன். உங்க ரத்தத்துல ஒரு கோடு தெரியுதாம். இருக்கக் கூடாத கோடு. அது என்னன்னு பாக்கத்தான் கூப்பிடுறாக.”

“அவருக்குப் பாத்தத எனக்குன்னு மாத்தி எழுதியிருப்பாக.”

“அண்ணன் செத்தது தையில. ரத்தம் எடுத்தது மாசியில. செத்தவரு வந்து கைய நீட்டுனாரா?”

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

“எண்ணெப் புட்டியப் புடுங்கி ஒடைச்சீகளே, அப்ப எப்படி இருந்துச்சு உங்களுக்கு? எனக்கொரு ஞாயம், உங்களுக்கொரு ஞாயமா?”

“ஒனக்குப் பிள்ளைக இருக்கு. சின்னதுக. எனக்கென்னடா? அவரே போயிட்டாரு. நான் இருந்து எந்தக் கோட்டையப் புடிக்கப் போறேன்?”

சொன்னதற்கப்புறம்தான் கதவுக்குப் பின்னால் கௌமாரி நிற்பதைப் பார்த்தேன். ஜவுளிக்கடை வேலைக்குப் புறப்பட்டுத் தலை பின்னியிருந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்ளவில்லை.

“கேட்டுருச்சு,” என்றான் வீரணன்.

“கேட்டுருச்சு.”

“வியாழக்கிழமை மொத பஸ்ஸு. நானும் வாறேன். மயக்கம் வந்தா மடியில போட்டுக்கிறேன்.”

வெண்டைக்காயை எடுத்து அவன் மேலே எறிந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மதுரை. அதே கட்டடம், அதே மாடிப்படி. மூன்றாவது படியில் ஒரு மூலை உடைந்திருக்கும், அவர் அதில் ஒரு தடவை தடுக்கினார். நான் அந்தப் படியை மிதிக்காமல் தாண்டினேன்.

ரத்தம், மூத்திரம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். அந்தக் கோட்டின் அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளே இருப்பதையும் எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டும் உறிஞ்சும்போது உயிர் போய்த் திரும்பி வந்தது. அவருக்கு இதே ஊசியை இரண்டு தடவை போட்டார்கள். ‘எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு’ என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார். பொய்க்காரர்.

ஏப்ரல் 17, வியாழன்

டாக்டரம்மா என்னை ஞாபகம் வைத்திருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னார். எலும்புக்குள்ளே மஜ்ஜை இருக்கிறது, அங்கேதான் ரத்தம் ஊறுகிறது. நோயை எதிர்க்கிற அணுக்கள் அங்கே வகைவகையாக வளர வேண்டும். எனக்கு அதில் ஒரே ஒரு வகை மட்டும் தன்னைத்தானே திரும்பத் திரும்ப உண்டாக்கிக்கொண்டு இருக்கிறதாம்.

“ஒரே கொடியில குச்சி வெட்டி வெட்டி நட்ட மாதிரியா?” என்று கேட்டேன்.

“அதேதான்ம்மா. ஆனா இப்பக் கொஞ்சம்தான் இருக்கு. எலும்பு நல்லாருக்கு. கிட்னி நல்லாருக்கு. இது புற்றுநோய் இல்ல. அதுக்கு முன்னாடி இருக்கிற நிலை. நிறையப் பேருக்கு ஆயுசு முழுக்க இப்படியே நின்னுடும்.”

“எங்க வீட்டுக்காரருக்கும் இது இருந்துச்சா?”

“இருந்திருக்கும். அவருக்கு அந்த நேரத்துல யாரும் பாக்கல.”



“மருந்தடிச்சதாலயா?”

“உங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. பூச்சிமருந்துல வேலை செய்றவங்ககிட்டக் கொஞ்சம் அதிகமாப் பாக்குறோம். இனிமே கைய விட்டுக் கலக்காதீங்க.”

இதற்கு மருந்து என்ன என்று கேட்டேன். இப்போதைக்கு மருந்து கிடையாதாம். பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வைத்தியமாம். நூறு பேருக்கு இப்படி இருந்தால் வருசத்துக்கு ஒருத்தருக்குத்தான் அது நோயாக மாறுமாம்.

“அந்த ஒருத்தி நானா இருந்தா?”

“அதுக்குத்தான் வரச் சொல்றேன். முதல்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை. அது அசைஞ்சா அன்னைக்கே எனக்குத் தெரியணும். எலும்பு உடையுற வரைக்கும் நாம காத்திருக்கப் போறதில்ல.”

ஜூலை 17 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வீரணனும் கூட வந்தான். உசிலம்பட்டியில் இறங்கிப் போய் எனக்கு இரண்டு வடை வாங்கி வந்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணன் வந்தது. யார் சொன்னார்களோ தெரியவில்லை, விசயம் தெரிந்துதான் வந்தது.

“இது வெளிய போகக் கூடாது சுருளி. அப்பனுக்கு ரத்தப் புத்து, ஆத்தாளுக்கும் ரத்தத்துல கோளாறுன்னா எவன் பொண்ணெடுப்பான்?”

“கோளாறு இல்லண்ணே. முன்நிலை.”

“முன்நிலையோ பின்நிலையோ, எவன் பிரிச்சுப் பாக்கப்போறான்? ஆவணி வரைக்கும் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத. சின்னமனூர்க்காரன் பாதிப்பேரு அந்த மதுரை பஸ்லதான் போறான். ஒருத்தன் பாத்தாப் போதும்.”

“ஜூலைல போகணும்.”

“கல்யாணத்த முடிச்சிட்டுப் போ. கோடுதான? எங்கயும் ஓடிறாது.”

ஓடிவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனிடம் நான் கேட்கவில்லை. கௌமாரியின் கல்யாணம். அது தாய்மாமன். நாலு மாசம்தானே, தள்ளிப்போடலாம் என்று எனக்கும் தோன்றியது. எழுதுகிறபோது தோன்றவில்லை.

மே 6, செவ்வாய்

வீரபாண்டித் திருவிழா. இந்த வருசம் எங்கள் வீட்டுக்குத் தீச்சட்டி கிடையாது, துக்க வீடு. கொட்டுச் சத்தம் ரோட்டில் போனது. அவர் சட்டி தூக்கும்போது கை நடுங்கவே நடுங்காது.

மே 13, செவ்வாய்

மருந்து கலக்கக் கூப்பிட்டார்கள். நான் வேலியிலிருந்து ஒரு கம்பை வெட்டிக்கொண்டு போனேன். கையில் ரப்பர் உறை, ஜெசிந்தா கொடுத்தது.

“என்ன சுருளி, ஆபரேசனுக்கா வந்திருக்க?” என்றார் தோட்டக்காரர். “கையில தொட்டாத்தான மருந்தோட பதம் தெரியும்?”

“தெரிஞ்ச வரைக்கும் போதும்.”

“அப்ப நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

“பாருங்க. கம்ப இங்கயே வச்சிட்டுப் போறேன். வர்றவளுக்கு ஆகும்.”

வீரணன் டாங்கியை இறக்கினான். “மதினி இல்லைன்னா நானும் இல்ல. அதிலயும் எனக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல, இடுப்புப் புடிச்சிருக்கு,” என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முனகினான். எல்லாம் நடிப்பு. செவட்டை நோய் இலையில் இறங்கியிருக்கும் நேரம், இரண்டு ஆள் போனால் குலை போய்விடும். தோட்டக்காரர் துண்டை உதறிவிட்டுப் போனார். கம்பில்தான் கலக்கினேன்.

மே 18, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். பையன், அவன் அம்மா வேலுத்தாய், அப்பா, இரண்டு பெரியவர்கள். நான் அடுப்படியில் இருக்க வேண்டும், முன்னால் வரக் கூடாது. பேசுவதெல்லாம் அண்ணன். கேசரியும் வடையும் போட்டேன். கௌமாரி ருசி பார்த்துவிட்டு, ‘வடையில உப்பு இல்லம்மா’ என்று மாவில் உப்பைப் போட்டுப் பிசைந்தாள்.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். பையன் நல்லவன் மாதிரித்தான் தெரிந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய அப்பாவைப் பார்த்தேன். ஜமுக்காளத்தில் உட்காரவில்லை, நாற்காலி கேட்டார். உட்கார்ந்த பிறகு முதுகு சாய்மானத்தில் படாமல் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தார். கேசரியை வேண்டாம் என்றார். சட்டை தோளில் தொங்கியது. அது முன்னால் அவருக்கு அளவாக இருந்த சட்டை.

“என்ன மச்சான், ஒடம்புக்கு?” என்று அண்ணன் கேட்டது.

“ஒண்ணுமில்ல. பந்தல் வலி,” என்று அவர் சிரித்தார்.

கரண்டி என் கையில் இருந்தது. அதோடேயே வெளியே போய்விட்டேன்.

“எம்புட்டு நாளா?” என்றேன்.

அண்ணன் எழுந்தது. “சுருளி, உள்ள போ.”

“எங்க வீட்டுக்காரரும் இதத்தான் சொன்னாரு. பந்தல் வலி, பந்தல் வலின்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. அது ரத்தப் புத்து. எலும்புக்குள்ள இருந்துச்சு. நீங்க ஒருவாட்டி ரத்தம் குடுத்துப் பாருங்க. வலிதான்னா வலியா இருந்துட்டுப் போகட்டும்.”

  ஆரம்பித்தாயிற்று, பாதியில் எப்படி நிறுத்துவது?

“எனக்கும் ரத்தத்துல அதோட முன்நிலை இருக்கு. நோயில்ல. மூணு மாசத்துக்கொருக்க மதுரையில பாத்துக்கிடணும். ஜூலைல போறேன். நாளப்பின்ன வேற யாரும் சொல்லி நீங்க கேக்க வேணாம், நானே சொல்லிப்புட்டேன்.”

வேலுத்தாய் காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். “பொண்ணுக்கும் வருமா?”

“அப்படியே எறங்கி வர்ற நோயில்லைன்னு டாக்டரம்மா சொன்னாக. மத்தவகளவிடக் கொஞ்சம் கூடக் கவனிக்கணும். வயசு நாப்பதாகையில ஒரு தடவ பாத்துக்கிடணும். அம்புட்டுத்தான்.”

அவள் என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். என் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். பிறகு அவள் புருசனைப் பார்த்தாள். “நாங்க போயிச் சொல்லி அனுப்புறோம்,” என்று எழுந்தாள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்து, பிறகு கதவு நிலையைப் பிடித்து எழுந்தார்.

அவர்கள் கார் போன பிறகு அண்ணன் கத்தியதை இங்கே எழுதமாட்டேன். கடைசியில் கௌமாரி பக்கம் திரும்பி, “ஒங்கம்மா ஒன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டா,” என்றது.

“மாமா, காபி ஆறுது,” என்றாள் கௌமாரி.

ஜூன் 1, ஞாயிறு

சின்னமனூரிலிருந்து சொல்லி அனுப்பவில்லை. அண்ணனும் வரவில்லை. கௌமாரி போட்டோவை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதை நான் தொடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

குலை கழிக்கும்போது அடுத்த வரிசையில் இருக்கிறவள் மெதுவாகக் கேட்டாள், ‘எக்கா, ராத்திரி படுத்தாலும் வலிச்சா அது எந்த வலி?’ என்று. பள்ளிக்கூடத்தில் என்னை ‘இவ எதுக்கு மொதல்ல’ என்று கேட்டவள். பந்தல் வலி என்றால் படுத்தால் அடங்கும், அடங்காவிட்டால் ஜெசிந்தாவிடம் போ என்றேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன்.

ஜூலை 16, புதன்

நாளைக்கு மதுரை. கௌமாரி லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வீரணன் வருகிறேன் என்றான். அவனையும் வேண்டாம் என்றேன். அந்தப் படி எனக்குத் தெரியும்.

பயமாக இருக்கிறதா என்று கௌமாரி கேட்டாள். இல்லை என்றேன். நான் எழுந்து போன பிறகு அவள் இந்த டைரியைப் படித்தாலும் படிப்பாள். அதனால் எழுதுகிறேன். இருக்கிறது. இருந்தாலும் போவேன்.

எலுமிச்சம்பழச் சாதம் கிண்டினேன்.

ஜூலை 17, வியாழன்

பஸ் சின்னமனூரில் நின்றபோது வேலுத்தாய் ஏறினாள். பின்னால் அவள் புருசன், ஒரு படிக்கு ஒரு தடவை நின்று ஏறினார். அவள் என்னைப் பார்த்ததும் திரும்பி இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரை முன் சீட்டில், ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தாள்.

பஸ் தேனி தாண்டியது.

“பொங்கலுக்கு முன்னாடி இருந்தே வலிக்குது,” என்றாள் பிறகு. “சுளுக்கெடுக்கக் கூட்டிட்டுப் போகணும்னு நாளு பாத்து வச்சிருந்தேன். உங்க வீட்டுலருந்து வந்தப்பெறகு போகல. அந்த மனுசனத் தொட விடல யாரையும்.”

“ரத்தம் குடுத்தீகளா?”

“உத்தமபாளையத்துல குடுத்தோம். மதுரைக்குப் போகச் சொல்லிட்டாக. எந்தக் கட்டடம்னு தெரியாது. நீங்க என்னைக்குப் போவீகன்னு நர்ஸம்மாகிட்டப் போன் போட்டுக் கேட்டேன்.”

எலும்பு ஏதாவது உடைந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். ‘இன்னும்’ என்ற வார்த்தையைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உசிலம்பட்டியில் சாதப் பொட்டலத்தைப் பிரித்து மூன்று பேருக்கும் வைத்தேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்புக் கொஞ்சம் தூக்கல்,” என்றார்.

“ஆமா,” என்றேன். “தெரிஞ்சுதான் போட்டேன்.”

மாடிப்படியில் மூன்றாவது படி வந்ததும் அவரை நிறுத்தி, உடைந்த மூலையைக் காட்டினேன். மேலே சீட்டுப் போடுகிற பெண், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டது. நான்தான் இவர்கள் கூட வந்திருக்கிறேன், எனக்கும் ஒரு சீட்டுப் போடு என்றேன்.

போன வாரமே ஜெசிந்தா எடுத்து அனுப்பிய என் ரத்தத்துக்கு ரிசல்ட் வந்திருந்தது, என்னுடையது அசையவில்லை. சித்திரையில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அவருக்கு நாளைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். கிட்னி நன்றாக இருக்கிறதாம், நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று டாக்டரம்மா அவரிடம் சொன்னார். வேலுத்தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பி, பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.

எனக்கு அடுத்த தேதி ஐப்பசியில். ஆவணியில் கல்யாணம் நடந்தாலும் போவேன், நடக்காவிட்டாலும் போவேன்.